இருபதோடு நின்ற எண்ணிக்கை

போன வாரம் தீ ஒத்திகை முடிந்து குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கப்பலுக்குப் புதிதாக வந்திருக்கும் பயிற்சி எஞ்சினியர் என்னிடம் கேட்டான்: "சார், குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பதுதானே முக்கியம்? பெயர் கூப்பிடுவதற்கு ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள்?" கேட்டதில் தவறில்லை. அவன் வயதில் எனக்கும் அதே எண்ணம்தான். பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவனுடைய வாட்ச், அதாவது எஞ்சின் அறையில் அவன் பணிமுறை, வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்போது நான் மூன்றாம் எஞ்சினியர். வயதான ஒரு மொத்தச் சரக்குக் கப்பல். ஆட்கள் 21 பேர். இரவு 12 முதல் 4 வரையும் பகல் 12 முதல் 4 வரையும் என் வாட்ச். என்னோடு கீழே ஓர் ஆயிலர், அதாவது எஞ்சின் அறைப் பணியாளர், இருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். நான்கு மணி நேரத்தில் நாங்கள் பேசும் சொற்களை எண்ணினால் ஐம்பது தேறாது. கரை நான்கு நாள் தூரத்தில் இருந்தது.

மூன்றே கால் மணி இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பதிவேட்டில் வெப்பநிலைகளை எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால், இரண்டாம் ஜெனரேட்டரின் மேல் ஆரஞ்சு நிறமாக ஏதோ அசைந்தது. ஆயிலர் டார்ச் அடிக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நொடி அது கூரை வரை எழுந்தது. அலாரம் அதற்குப் பிறகுதான் அடித்தது.

என்ன நடந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எரிபொருள் திரும்பிச் செல்லும் குழாயில் ஓர் இணைப்பு அதிர்வில் தளர்ந்திருக்கிறது. எண்ணெய் கொட்டவில்லை, தூறலாகச் சிதறியிருக்கிறது. எஞ்சின் அறைத் தீயில் இதுதான் விஷயமே. கப்பல் எரிபொருளின் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, 60 டிகிரிக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது விதி. வாளி நிறைய அந்த எண்ணெய் இருந்தாலும், அதில் தீக்குச்சியைப் போட்டால் பெரும்பாலும் தீக்குச்சிதான் அணையும். அதே எண்ணெயைச் சூடாக்கி, அழுத்தத்தில், பனி போலத் தெளித்தால் கதை வேறு. தெளித்த இடத்தில் 350 டிகிரியைத் தாண்டிய எக்ஸாஸ்ட் குழாய் திறந்து கிடந்தால் பொறிகூடத் தேவையில்லை.

அந்தக் குழாய் ஏன் திறந்து கிடந்தது? 220 டிகிரிக்கு மேல் சூடேறக்கூடிய, எண்ணெய் படக்கூடிய பரப்பு எல்லாம் காப்புறையால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் சொல்கிறது. மூடித்தான் இருந்தது. இரண்டு நாளுக்கு முன் ஒரு புகைக் கசிவைப் பார்ப்பதற்காக அந்த உறையைக் கழற்றியவன் நான். திரும்ப மாட்டும்போது நான்கு போல்ட்டுகளில் இரண்டைத்தான் போட்டேன். மீதி இரண்டின் மரை தேய்ந்திருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். உறை ஒரு விரல் அகலம் விலகியிருக்கிறது. அந்த ஒரு விரல் போதும்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து, கப்பலைச் செலுத்தும் மேல் அறையான பிரிட்ஜுக்கு அழைத்து, "எஞ்சின் அறையில் தீ, இரண்டாம் ஜெனரேட்டர்" என்றேன். குரல் என்னுடையதைப் போல இல்லை. கதவைத் திறந்து, எண்ணெய் சுத்திகரிக்கும் அறை வாசலில் நின்ற ஆயிலரைப் பார்த்து "வெளியே போங்கள்!" என்று கத்தினேன். அவர் தலையசைத்துவிட்டுப் பின்பக்கமாக ஓடினார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

பிறகு எல்லாரும் செய்யும் முட்டாள்தனத்தை நானும் செய்தேன். கைக்கெட்டிய நுரை அணைப்பானை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அதில் இருந்தது 9 லிட்டர். அடித்தேன், தீ இரண்டு நொடி அடங்கியது, திரும்பப் பற்றியது. எண்ணெய் வந்துகொண்டே இருக்கும்போது மேலே நுரை தெளிப்பதில் அர்த்தமில்லை என்பது படித்த பாடம்தான். எண்ணெயை நிறுத்து, பிறகு தீயைப் பார். ஆனால் நான் பராமரிக்கும் ஜெனரேட்டர் என் கண் முன்னே எரியும்போது பாடம் நினைவுக்கு வரவில்லை. புகை கூரையிலிருந்து இறங்கி என் நெஞ்சு மட்டத்துக்கு வந்தபோதுதான் புத்தி வந்தது.

தப்பிக்கும் சுவாசப் பையை மாட்டிக்கொண்டேன். மஞ்சள் முகமூடி, குறைந்தது 10 நிமிடக் காற்று. இதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதன் பெயரிலேயே தப்பிப்பது இருக்கிறது. அதை அணிந்துகொண்டு தீயை அணைக்க உள்ளே போகக்கூடாது. இருந்தும் ஒவ்வொரு கப்பலிலும் யாராவது ஒருவர், "அவசரத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு உள்ளே ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமே" என்பார். அந்த ஒரு எட்டிலிருந்து திரும்பாதவர்கள் உண்டு.

முதன்மைப் படிக்கட்டு வழியாக மேலே வந்தேன். அபாயச் சங்கு அதற்குள் ஊதிக்கொண்டிருந்தது: ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. மாதா மாதம் கேட்டுக் கேட்டுச் சலித்த ஒலிதான். அந்த இரவில் அதே ஒலி வயிற்றைப் பிசைந்தது.

மேல்தளத்தில் ஆட்கள் கூடும் இடத்தில், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டார். இருட்டு. சிலர் உள்ளாடையின் மேல் உயிர்காப்புச் சட்டை மட்டும் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. பிரிட்ஜில் இருந்தவர்கள் வானொலியில் பதில் சொன்னார்கள். எண்ணிக்கை 20-இல் நின்றது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் 20.

இல்லாதது என் ஆயிலர்.

இதற்கிடையில் மற்ற வேலைகள் ஒழுங்காகவே நடந்துகொண்டிருந்தன. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இரண்டாம் எஞ்சினியர் வெளியிலிருந்தே இயக்கும் விரைவு மூடு வால்வுகளை இழுத்து, தொட்டிகளிலிருந்து எஞ்சின்களுக்குப் போகும் எண்ணெயை நிறுத்தினார். காற்றாடிகள் நின்றன. புகைக்கூண்டின் அடைப்புகளையும் காற்று வழித் தட்டிகளையும் மூன்று பேர் மூடினார்கள். ஒன்று துருப்பிடித்து அசையவில்லை. சம்மட்டியால் அடித்து மூடினார்கள். கப்பல் முழுவதும் இருண்டது. அவசர ஜெனரேட்டர் 45 நொடிக்குள் மின்சாரம் தந்தாக வேண்டும் என்பது விதி; அன்று அதற்கு முன்பே தந்துவிட்டது. தள மாலுமிகளின் தலைவரான போசன் தன் ஆட்களுடன் எஞ்சின் அறைக்கு மேலுள்ள தளத்தில் குழாய்களை விரித்தார். குழாய்கள் விறைத்தன, தண்ணீர் வந்தது, இரும்பு ஆவி விட்டது.

தண்ணீர் வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எல்லாரும் பார்த்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமை எஞ்சினியர் கரியமில வாயு அறையின் வாசலில் நின்றார். கண்ணாடிப் பெட்டியை உடைத்துச் சாவியை எடுத்தாயிற்று. எஞ்சின் அறையை வாயுவால் நிரப்பி மூச்சை அடைத்து அணைப்பது கடைசி ஆயுதம். ஒரே ஒரு முறைதான் சுடலாம். இரண்டு தனித்தனி இயக்கிகள் உண்டு. ஒன்று வாயு போகும் குழாயின் வால்வைத் திறக்கும், மற்றது உருளைகளைத் திறந்துவிடும். பெட்டியின் கதவைத் திறந்தவுடனேயே கீழே எச்சரிக்கை ஒலி எழும். வாயு வெளியேறுவதற்குக் குறைந்தது 20 நொடி முன்பே அது ஒலிக்க வேண்டும்.

எவ்வளவு வாயு என்பதைக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். எஞ்சின் அறையின் மொத்தக் கொள்ளளவில் 35 சதவீதம் வாயுவாக வேண்டும். அறை 6,000 கன மீட்டர் என்றால் 2,100 கன மீட்டர் வாயு. ஒரு கிலோ கரியமில வாயு 0.56 கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆகவே 3,750 கிலோ. உருளைக்கு 45 கிலோ வீதம் 84 உருளைகள். இதில் 85 சதவீதம் இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விட வேண்டும். அந்த அடர்த்தியில் ஒரு மனிதன் சில மூச்சுகளில் நினைவிழப்பான், பிறகு எழமாட்டான். அந்த வாயுவுக்குத் தீயும் ஆளும் ஒன்றுதான்.

கேப்டன் வானொலியில் கேட்டார்: "சீஃப், தயாரா?"

"தயார். ஆள் எண்ணிக்கை?"

"இருபது."

"அப்படியானால் நான் தயாரில்லை" என்றார் தலைமை எஞ்சினியர்.

அந்த உரையாடல் கப்பல் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் எழுதும்போது அதன் மொட்டைத்தன்மை கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வானொலியில் யாரும் பேசவில்லை. தளத்தின் இரும்பு செருப்பு வழியாகச் சுட்டது. சுவரில் வண்ணப்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பத் தொடங்கியது. வாயுவை விடுவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நிமிடமும் தீ புதிதாக ஒரு கேபிளைத் தின்றுகொண்டிருந்தது. விட்டால், எங்கோ புகையில் விழுந்து கிடக்கக்கூடிய ஒருவரை நாங்களே கொன்றவர்கள் ஆவோம்.

நான்காம் எஞ்சினியரும் ஃபிட்டரும் தீயணைப்பு உடை மாட்டி, முதுகில் காற்று உருளையைச் சுமந்து தேடப் போவதற்குத் தயாரானார்கள். அவர்களுக்கு உள்ள நேரத்தையும் கணக்குப் போட்டார்கள். 6 லிட்டர் உருளை, 300 பார் அழுத்தம்: 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம். காகிதத்தில் அப்படி. ஏணி ஏறி இறங்கி, ஆளைத் தூக்கி, பயத்தில் வாயால் மூச்சு வாங்குகிறவனுக்கு அதில் பாதி தேறினால் பெரிது. அதிலும் திரும்பி வருவதற்கான காற்றை ஒதுக்கிவைக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் புகைக்கூடத்தில் ஊர்ந்தவர்களுக்குத் தெரியும்: சுவரைப் புறங்கையால்தான் தடவிப் போக வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் கை தானாக மூடிக்கொள்ளும். உள்ளங்கையாக இருந்தால் கம்பியைப் பற்றிக்கொள்ளும், புறங்கையாக இருந்தால் விலகும். கால்களைத் தூக்கக்கூடாது, தேய்த்துத்தான் நகர வேண்டும். தரைத் தகடு இருக்கிறதா என்று கால்தான் பார்த்துச் சொல்லும். வகுப்பில் இதைச் சொன்னபோது சிரித்தோம்.

அவர்கள் முதன்மைப் படிக்கட்டுக் கதவைத் திறக்கப் போனார்கள். இரண்டாம் எஞ்சினியர் தடுத்தார். வெப்பமெல்லாம் மேலேதான் திரண்டிருக்கும். அங்கே கதவைத் திறப்பது அடுப்பின் புகைபோக்கி வழியாக உள்ளே இறங்குவதற்குச் சமம். போவதானால் கீழிருந்து போக வேண்டும்: அவசரகால வெளியேறும் கூண்டு வழியாக. அது எஞ்சின் அறையின் அடித்தளத்திலிருந்து நேராக மேலே வரும் ஏணி. சுற்றிலும் தீக்காப்புச் சுவர், அடியில் தானே மூடும் கதவு. எங்கள் கப்பலில் அதன் மேல்வாய் சுக்கான் இயந்திர அறையில் திறக்கும்.

அப்போதுதான் போசன், குழாயைப் பிடித்தபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "தண்ணீர் வருகிறதே. பம்பை யார் போட்டது?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மின்சாரம் போனதும் எஞ்சின் அறையில் இருக்கும் தீயணைப்பு பம்புகள் செத்துவிட்டன. அதற்காகத்தான் அவசரத் தீயணைப்பு பம்ப் ஒன்று எஞ்சின் அறைக்கு வெளியே, தன் சொந்த டீசல் எஞ்சினோடு இருக்கிறது. எங்கள் கப்பலில் அது சுக்கான் இயந்திர அறையில் இருந்தது. அதை இயக்கும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகைகளில் எப்போதும் எல்லாரும் கூடி, பெயர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் கேப்டன் "பம்பை இயக்கு" என்பார். அன்று அந்தக் கட்டளை வரவேயில்லை. தண்ணீர் மட்டும் வந்துவிட்டது. கையில் விறைத்த குழாயோடு நின்ற ஆறு பேரில் ஒருவருக்கும் அது வியப்பாகப் படவில்லை. தண்ணீர் வந்தால் யார்தான் காரணம் கேட்கப்போகிறார்கள்?

ஒரு மாலுமி பின்பக்கம் ஓடினார். சுக்கான் இயந்திர அறையில், அலறும் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில், காதுக்கவசம் போட்டுக்கொண்டு, அழுத்தமானியைப் பார்த்தபடி என் ஆயிலர் குந்தியிருந்தார். வானொலி அவரிடம் இல்லை. சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது அவர் காதில் விழவில்லை. நான் "வெளியே போங்கள்" என்று கத்தியதும் பக்கத்திலிருந்த கூண்டு வழியாக ஏறியிருக்கிறார். ஏறிய இடத்தில் பம்ப் நின்றது. அவருடைய படுக்கைக்கு மேல் ஒட்டியிருந்த அவசரக் கடமை அட்டையில் எழுதியிருந்த வரியும் அதுவேதான்: அவசரத் தீயணைப்பு பம்பை இயக்குதல்.

தீ பிடித்து 14 நிமிடம் கழித்து வானொலியில் "இருபத்தொன்று" என்ற சொல் வந்தது. கேப்டன் கட்டளையிட்டார். தலைமை எஞ்சினியர் இயக்கிகளை இழுத்தார். வாயு போகும் ஓசையை எப்படிச் சொல்வது. குழாய்கள் முழுவதும் ஒரு பெரிய விலங்கு மூச்சு விட்டபடி ஓடுவதைப் போல இருந்தது. அறைக் குழாய்களில் பனி பூத்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. மேல்தளத்துக்கு வந்தவரிடம் "உங்களை எத்தனை பேர் தேடுகிறோம் தெரியுமா?" என்று கத்தினேன். அவர் நிதானமாக, "அட்டையில் அதுதான் எழுதியிருக்கிறது சார்" என்றார். சரிதான். அட்டையில் அதுதான் எழுதியிருந்தது. முதலில் வந்து பெயர் சொல், பிறகு கடமைக்குப் போ என்று எழுதியிருக்கவில்லை. எழுதத் தேவையில்லை என்று எழுதியவர் நினைத்திருப்பார். ஆயிலர் பம்பைப் போடாமல் நேராக வந்திருந்தால் பெயர்ப் பட்டியல் முதல் சுற்றிலேயே நிறைந்திருக்கும். ஆனால் குழாயில் தண்ணீர் இருந்திருக்காது. இரண்டில் எது மேல் என்று இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஒரு வானொலி அவர் இடுப்பில் இருந்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது என்பது மட்டும் தெரிகிறது.

வாயு விட்டதோடு வேலை முடியவில்லை. கரியமில வாயு தீயின் மூச்சை அடைக்கும், சூட்டைத் தணிக்காது. கதவைத் திறந்து காற்று உள்ளே போனால், சிவந்த இரும்பும் மிச்ச எண்ணெயும் மறுபடி சேர்ந்துகொள்ளும். அப்போது உருளைகள் காலி. ஆகவே காத்திருந்தோம். 30 மணி நேரம். எஞ்சின் இல்லாமல், அலைக்குப் பக்கம் காட்டிக்கொண்டு கப்பல் உருண்டது. சமைத்த சோறு இல்லை, குளிர்சாதனம் இல்லை. முறை வைத்துக்கொண்டு சுவர்களிலும் தளத்திலும் தண்ணீர் அடித்தோம். எரியும் அறையை ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள்: அதற்கு ஆறு பக்கம். எந்தப் பக்கத்தை மறந்தாலும் அந்தப் பக்கத்துக்கு அப்பாலுள்ள பொருள் சூடேறிப் பற்றும். அரை மணிக்கு ஒருமுறை சுவரின் வெப்பத்தை அளந்து சுண்ணக்கட்டியால் அதன் மேலேயே எழுதினோம். முதலில் தெளித்த நீர் சீறியது, பிறகு ஆவியானது, பிறகு வழிந்தது.

வழிந்த நீரிலும் கண் வேண்டும். நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் தீப்பிடித்தது. அணைப்பதற்காக மேல்தளங்களில் கொட்டிய தண்ணீரே அதைச் சாய்த்துக் கவிழ்த்தது. கப்பலுக்குள் தேங்கும் நீர் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கமே ஓடிச் சேரும், சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே சீஃப் மேட் குழாய் பிடித்தவர்களைவிட வடிகால் துளைகளைத்தான் அதிகம் சுற்றிப் பார்த்தார். எல்லாத் தீயையும் மூடி அணைக்கவும் முடியாது. 1947 ஏப்ரலில் டெக்சஸ் சிட்டியில் கிராண்ட்காம்ப் கப்பலின் சரக்கறை புகைந்தபோது, சரக்கு நனைந்துவிடக் கூடாதென்று அறையை மூடி நீராவியைச் செலுத்தினார்கள். உள்ளே இருந்தது அம்மோனியம் நைட்ரேட். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பொருளை மூச்சடைக்க வைப்பது எப்படி? சூடு ஏறி, கப்பல் வெடித்து, 500 பேருக்கு மேல் இறந்தார்கள். நானே தலைமை எஞ்சினியரான பிறகு, உரம் ஏற்றும் பயணங்களில் இதை ஒவ்வொரு முறையும் சொல்வதுண்டு. "சீஃப் மறுபடி ஆரம்பித்துவிட்டார்" என்று உதட்டுக்குள் சிரிப்பவர்களும் உண்டு.

மறுநாள் காலை இரண்டு பேர் மூச்சுக் கருவியோடு அடிவழியாக உள்ளே போனார்கள். பிறகு காற்றோட்டம், பிறகு வாயு அளவி. ஆக்சிஜன் 21 சதவீதம் என்று காட்டும்வரை கருவி இல்லாமல் எவரையும் விடவில்லை. நான் இறங்கியபோது ஜெனரேட்டர் கருகிய எலும்புக்கூடாக நின்றது. காப்புறை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு போல்ட்டுகள் அதனதன் இடத்தில் இருந்தன. மற்ற இரண்டு துளைகள் காலி. அங்கேயே நின்று தலைமை எஞ்சினியரிடம் சொன்னேன். அவர் துளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அறிக்கையில் நீயே எழுது" என்றார். எழுதினேன். வேலை போகவில்லை; ஏன் போகவில்லை என்று இப்போதும் சில இரவுகளில் யோசிப்பேன்.

இப்போது அந்தச் சாவிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான். அதனால்தான் ஒத்திகைகள் மேல் எனக்கு இவ்வளவு எரிச்சல். மாதத்துக்கு ஒரு தீ ஒத்திகையிலும் ஒரு கப்பலைக் கைவிடும் ஒத்திகையிலும் ஒவ்வொருவரும் கலந்துகொள்ள வேண்டும். ஆட்களில் 25 சதவீதத்துக்கு மேல் மாறி, முந்தைய மாதத்தில் அந்தக் கப்பலில் ஒத்திகை செய்யாதவர்களாக இருந்தால், துறைமுகத்தை விட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தியாக வேண்டும். விதி நல்ல விதி. அதை நாங்கள் நிறைவேற்றும் விதம்தான் கேவலம். சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. எல்லாருக்கும் முன்பே தெரியும். பாதிப் பேர் பூட்ஸ் மாட்டித் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். சங்கு ஊதிய இரண்டு நிமிடத்தில் எல்லாரும் வரிசையில். குழாயிலிருந்து நீர் பாய்வதை ஒருவர் படம் எடுப்பார். நாற்பது நிமிடத்தில் தேநீர். அறிக்கையில் "திருப்திகரம்". உண்மையான தீக்கு சனிக்கிழமை தெரியாது.

ஒத்திகை முடிந்து போகும் வழியில் பாருங்கள்: தானே மூட வேண்டிய தீத்தடுப்புக் கதவைக் கயிறு போட்டுக் கைப்பிடியில் கட்டியிருப்பார்கள், காற்று வரட்டும் என்று. எண்ணெய்த் தொட்டியின் ஆழமளக்கும் குழாயில் தானே மூடும் வால்வின் பிடியில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டுத் திறந்தே வைத்திருப்பார்கள். துணி உலர்த்தியின் வடிகட்டியில் பஞ்சு ஒரு தலையணை அளவு சேர்ந்திருக்கும். இவற்றுக்கு ஒத்திகை கிடையாது, படமும் கிடையாது. நான் போகும் கப்பலில் கயிறுகளை வெட்டுவதற்காகவே ஒரு கத்தி சட்டைப்பையில் இருக்கும். முதல் மாதம் எல்லாரும் என்னை வெறுப்பார்கள்.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லும்போது ஸ்காண்டினேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் நினைவுக்கு வராமல் இருக்காது. 1990 ஏப்ரல் 7, நள்ளிரவுக்குப் பிறகு எழுந்த தீ. 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. அந்தக் கப்பலுக்கு அப்போதுதான் வந்துசேர்ந்த பணியாளர்கள், ஒன்றாக ஒரு தீ ஒத்திகைகூடச் செய்திராதவர்கள். கேப்டன் படகில் இறங்கிய பிறகும் பயணிகள் உள்ளே இருந்தார்கள். இதைப் படித்த இரவில் நான் என் கப்பலின் பட்டியலை எடுத்து, பெயர்களுக்குப் பக்கத்தில் அந்த நிமிடத்தில் அவரவர் எங்கே இருக்கக்கூடும் என்று எழுதிப் பார்த்தேன். எட்டுப் பேருக்குமேல் எழுத முடியவில்லை.

ஆகவே நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேப்டனிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒருவரை ஒளித்துவைப்பேன். எங்கே என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். பெயர் கூப்பிடும்போது ஒரு இடம் காலியாக இருக்கும். அதன் பிறகுதான் ஒத்திகை உண்மையில் ஆரம்பிக்கும். போன மாதம் சமையல்காரரைக் குளிர்பதனக் கிடங்குக்கு வெளியே உட்காரவைத்தேன். கண்டுபிடிக்க ஒன்பது நிமிடம். அதற்கு முந்தைய மாதம், ஆளில்லாததையே இரண்டு நிமிடம் யாரும் கவனிக்கவில்லை: பக்கத்தில் நின்ற நண்பர் பழக்கத்தில் அவருக்கும் சேர்த்து "இருக்கிறார்" என்று குரல் கொடுத்துவிட்டார். அந்த நண்பரோடு நான் தனியாகப் பேசினேன். என்ன பேசினேன் என்பது இங்கே வேண்டாம்.

இன்னொரு மாற்றம், அவசரக் கடமை அட்டைகளில். பம்புக்குப் போகும் ஆளின் அட்டையில் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: "வானொலியை எடு. உன் பெயரைச் சொல், போகும் இடத்தைச் சொல். பிறகு போ." ஆய்வுக்கு வந்த ஒருவர் இது அச்சிட்ட படிவத்தில் இல்லையே என்று குறை எழுதினார். எழுதட்டும்.

பயிற்சி எஞ்சினியருக்கு இதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஒத்திகை எந்த நாள் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை, சனிக்கிழமையாக இருக்காது. சுக்கான் இயந்திர அறையில், பம்புக்குப் பக்கத்தில், காதுக்கவசத்தோடு உட்காரப்போவது அவன்தான். இங்கே எழுதிவிட்டேனே என்று கவலைப்பட வேண்டாம்; அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.